கெரியோனுக்கு ஒரு நல்ல சாட்சி

தாடையைச் சுற்றித் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் இறுக்கி முடிந்த பிறகுதான் கெரியோனின் வாய் மூடியது. சிபில்லாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை வருடத்தில் அப்பனின் வாய் மூடி அவள் பார்த்ததில்லை. ஒன்று பாடும், இல்லையென்றால் குடிக்கும், இரண்டும் இல்லையென்றால் திட்டும். தூக்கத்திலும் திறந்தேதான் கிடக்கும். முடிச்சை இன்னொரு சுற்றுச் சுற்றி அழுத்தினாள்.

"மெதுவாடி, நெத்தியெல்லாம் சுருங்குது பாரு," என்றாள் டிரீனா.

டிரீனா பக்கத்து வீட்டுக்காரி. சுவரை ஒட்டிய வீட்டுப் பெண்தான் பிணத்தைக் கழுவ வர வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். வராமல் இருந்தால் தன் வீட்டுச் சாவுக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால் விடிந்ததும் வெந்நீர்க் குடத்தோடு வந்துவிட்டாள். கெரியோனின் காலைத் தேய்க்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு சிபில்லாவுக்குத் தெரிந்தது.

"பீப்பாயைத் தட்டியாச்சா?"

"எந்தப் பீப்பாய் அக்கா?"

"கீழ நிலவறையில இருக்கிறதுதான். வீட்டு ஆம்பளை செத்தா ஒயின்கிட்டப் போய்ச் சொல்லணும். சொல்லலைன்னா புளிச்சுப் போயிடும்."

"எங்க வீட்ல ஒயின் புளிக்கிற வரைக்கும் என்னைக்கு இருந்துச்சு?"

"காலிப் பீப்பாயையாவது தட்டிட்டு வாயேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"முறைப்படி தட்டணும்னா ஆத்தங்கரையில இருக்கிற அத்தனை சத்திரத்துக்கும் போகணும். இவர் செத்த சேதி அவங்களுக்குத்தான் பெரிய சேதி."

டிரீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு சிலுவைக்குறி போட்டாள். சிபில்லா அடக்கவில்லை, சிரித்தாள். அப்பன் பிணத்தின் முன்னால் சிரித்ததற்காக அவளுக்கு வெட்கமோ வருத்தமோ வரவில்லை.

கெரியோன் பேராயரின் அரண்மனை இசைக்குழுவில் உச்சக்குரல் பாடகனாக இருந்தவன். நாற்பது வயதிலேயே குடி அவன் குரலைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு பத்து வருடம் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தான். பக்கத்தில் நிற்பவர்கள் அவன் பங்கையும் சேர்த்துப் பாடினார்கள். பிறகு அதுவும் முடியாமல் வீட்டோடு கிடந்தான். அவன் மகன் லாம்பர்ட் இன்று வியன்னாவில் இருக்கிறான். பிரபுக்கள் வண்டி அனுப்பி அழைத்துப் போகிறார்கள். அவன் எழுதிய இசையை அச்சடித்து விற்கிறார்கள். அந்தச் செய்தி ஊருக்கு வந்த நாளிலிருந்து கெரியோனுக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. சத்திரம் சத்திரமாகப் போய் இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைப்பான். "இந்தக் கைதான்யா அவனைச் செஞ்சுது," என்பான். கேட்டவர்கள் ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பார்கள்.

அப்படி அவன் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள் சிபில்லா உள்ளே நுழைந்து, எல்லார் முன்னாலும், "அந்தக் கை அவன் விரலை ஒடிச்ச கை," என்று சொல்லிவிட்டு அவனை வீட்டுக்கு இழுத்து வந்தாள். ஒரு தடவை அல்ல, போகிற இடமெல்லாம் போய்ச் சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் சாகிறவனுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயோடு பங்குச் சாமியார் வந்திருந்தபோதும் கெரியோன் அதே பாட்டைத்தான் பாடினான். "சாமி, அவனை உருவாக்குனது நான்தான்னு கல்லுல வெட்டச் சொல்லுங்க." பாவம் எதையும் சொல்லி வருந்தவில்லை. சாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விளக்கைத் தூண்டிவிடப் போய்விட்டாள்.

நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் செருமல் கேட்டது. குழி வெட்டும் தீபால்ட். மண் ஒட்டிய தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"பெட்டி எத்தனை அடி வரும்னு கேட்டுட்டுப் போக வந்தேம்மா. குழி பாதி தோண்டியாச்சு. உங்கம்மா பெட்டி மேல் பலகை இன்னும் கெட்டியாத்தான் இருக்கும்போல, மண்ணைக் குத்துனா அடியில டொக்குனு சத்தம் வருது. ஒரு முழம் மண்ணை விட்டு மேல ஐயாவை இறக்கிடலாம்."

சிபில்லா கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். போர்வையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள்.

அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே குழிதான். யார் முந்திப் போகிறாரோ அவர் கீழே, பிந்தி வருகிறவர் மேலே. கல்லறைத் தோட்டம் ஆற்றுக்கும் மதிலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு குழி என்றால் பாதி ஊர் தெருவில்தான் படுக்க வேண்டும். யாரும் இதைப் பற்றி யோசித்ததுமில்லை, கேட்டதுமில்லை. தீபால்ட்டும் யாரையும் கேட்காமல் அவன் பாட்டுக்குத் தோண்டத் தொடங்கிவிட்டான்.

அவள் அம்மா ஆக்னஸ் மட்டும் கேட்டிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால், இருமி இருமி எலும்பாகிக் கிடந்த காலத்தில், சிபில்லாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். லாம்பர்ட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் மகள் நினைத்தாள்.

"அந்த ஆளை என் மேல போட்டுடாதேடி," என்றாள் ஆக்னஸ். "உசுரோட இருந்தவரைக்கும் குடிச்சிட்டு வந்து என் மேல விழுந்து கிடந்தான். போதும். மண்ணுக்குள்ளயாவது நான் தனியாப் படுக்கணும்."

ஆக்னஸ் தன் வாழ்நாளில் தனக்கென்று கேட்டது அந்த ஒன்றுதான். சிபில்லா சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பனி இன்னும் விலகவில்லை. அம்மாவின் குழி இடுப்பளவு திறந்து கிடந்தது. வெட்டியெடுத்த புல் கட்டிகள் ஓரமாக அடுக்கியிருந்தன. சிபில்லா குழியின் விளிம்பில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னாலேயே தீபால்ட் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தான்.

"மூடுங்க," என்றாள்.

"என்னம்மா?"

"மண்ணைத் தள்ளி மூடுங்க. எங்கப்பன் இங்க வரக்கூடாது."

தீபால்ட் காதைக் குடைந்தான். "பொண்டாட்டி குழி இருக்க, வேற எங்கம்மா வைக்கிறது? சாமியார் ஒத்துக்குவாரா? கோயில்ல சேர்த்து வச்சவங்களைக் குழியில பிரிச்சா ஊர் என்ன பேசும்?" கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே சிரித்தான். "வேணும்னா பாடகர் நிலவறையில கொண்டுபோய் வைங்க. கெரியோன் ஐயாவுக்கு அங்க இடம் குடுத்தா உள்ள இருக்கிற அத்தனை பேரும் எந்திரிச்சு வெளிய வந்துருவாங்க."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். சிபில்லா சிரிக்கவில்லை. மண்மேட்டின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் மண்வெட்டியைத் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சாமியார் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பாடகர் நிலவறை கோயிலுக்குள், பாடற்குழு நிற்கும் மேடைக்கு நேர் கீழே இருந்தது. இசைக்குழுவில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அங்கே அடக்கத்துக்கு இடம் கிடையாது. நன்றாகப் பாடியவர்களுக்கும் கிடையாது. தன் கையால் இன்னொருவரை இசைக்காரராக ஆக்கிவிட்டுப் போனவருக்குத்தான் அந்த இடம். அதற்கும் சாட்சி வேண்டும். பாடம் நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர், சாமியார் முன்னாலும் இசைக்குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் முன்னாலும் நின்று, எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதை அவர்கள் ஒத்துக்கொண்டால் நிலவறையை மூடிய கல் திறக்கும்.

பத்து மணிக்குக் கோயிலின் உடுப்பறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். சாமியார், சிபில்லா, டிரீனாவின் புருஷன் செவெரின், பழைய அடிக்குரல் பாடகர் யோஸ்ட். செவெரின் இசைக்குழுவில் கொம்பு ஊதுகிறவன். நல்ல மனிதன். வாசிப்பு சுமார்தான், அது அவனுக்கும் தெரியும். அவனுடைய ஏழு வயது மகள் லிஸ்பெத்துக்கு நல்ல காது என்று ஊரில் பேச்சு. மடியில் உட்காரவைத்துத்தான் பியானோ சொல்லிக் கொடுப்பான். அவள் தப்பாக அடித்தால் அப்பனும் மகளும் சேர்ந்து சிரிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். யோஸ்டுக்கு வயதாகிக் காது அடைத்துப் போயிருந்தது. சாட்சி கேட்க அவரைவிட்டால் அன்று வேறு ஆள் அகப்படவில்லை.

"உங்கப்பாவைப் பத்தி நீ சத்திரத்துல பேசுனதெல்லாம் நானும் கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் சாமியார். "இப்ப அவருக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கே."

"அப்பப்ப கோவத்துல பேசுனதுதான் சாமி. பெத்த அப்பனாச்சே."

"சொல்லு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் எங்கிருந்து எடுப்பது என்று முதலில் தெரியவில்லை. பிறகு வழி கிடைத்தது. எதையும் புதிதாகக் கற்பனை செய்யத் தேவையில்லை. அம்மா செய்ததையெல்லாம் எடுத்து அப்பன் பேரில் போட்டால் போதும்.

"லாம்பர்ட்டுக்கு அஞ்சு வயசிருக்கும்போது அவன் விரல்ல இருக்கிறது என்னன்னு முதல்ல கண்டுபிடிச்சது அப்பாதான்," என்று ஆரம்பித்தாள். "மலைமேல இருக்கிற மடத்துல ஒரு ஆர்கன் வாசிக்கிற சாமி இருந்தார். பனி கொட்டுற காலத்துலயும் அப்பா லாம்பர்ட்டை முதுகுல தூக்கிக்கிட்டு மலை ஏறுவார். பாடம் முடியற வரைக்கும் வெளிய நின்னு திரும்பத் தூக்கிக்கிட்டு வருவார்."

தூக்கிக்கொண்டு ஏறியது ஆக்னஸ். பாடத்துக்குப் பதிலாக மடத்துத் துணியை வருடக்கணக்கில் துவைத்துக் கொடுத்தாள். குளிர்ந்த தண்ணீரில் கை வெடித்து, நெஞ்சில் சளி கட்டி, கடைசியில் அந்த இருமலே அவளைக் கொண்டுபோனது.

"என்ன சொல்றா?" என்றார் யோஸ்ட், கையைக் காதில் குவித்து.

"கெரியோன் பிள்ளையை முதுகுல தூக்கிட்டு மலை ஏறுனாராம்!" செவெரின் உரக்கச் சொன்னான்.

"யாரு?"

"கெரியோன்!"

யோஸ்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவன் சத்திரத்துப் படியே தனியா ஏற மாட்டானே."

சாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிபில்லாவுக்கு எங்கே காரியம் கெட்டுப்போகுமோ என்று பயம் வந்தது. எழுந்து கிழவரின் காதருகே போய் நின்றாள். அதே பொய்யை இரண்டாம் தடவை கத்திச் சொன்னாள். கத்திச் சொன்னபோது அது இன்னும் நன்றாக வந்தது. பனியில் அப்பாவின் செருப்பு கிழிந்ததைச் சேர்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து டர்னிப் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே கீழ்க்குரலை முனகுவார், பிள்ளை மேலே வாசிப்பான் என்றாள். டர்னிப் சீவியதும் முனகியதும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கெரியோனுக்குக் கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு மனுஷன்னு தெரியாமப் போச்சே," என்றார்.

சாமியார் எழுந்திருக்கப் பார்த்தார். செவெரின் கையைத் தூக்கினான்.

"ஒரு விஷயம் சாமி. நான் பக்கத்து வீட்டுலயே பிறந்து வளர்ந்தவன். மனசுல பட்டதைக் கேட்டுடணும்." சிபில்லா பக்கம் திரும்பினான். "சிபில்லா, அந்தக் காலத்துல சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குப் பாட்டு மட்டும் கேக்கலை. பிள்ளை அழற சத்தம் கேட்டுச்சு. பொழுதன்னைக்கும் கேட்டுச்சு. எங்கம்மா காதைப் பொத்திக்குவா. அது என்ன?"

சிபில்லாவுக்கு அந்தச் சத்தம் இப்போதும் நன்றாக நினைவிருந்தது. பியானோவுக்குச் சுருதி முறுக்கும் இரும்புச் சாவியின் கட்டைப் பிடியால் அப்பன் லாம்பர்ட்டின் விரல் கணுவில் அடிப்பான். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வான். வெளியே அம்மாவும் அவளும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். லாம்பர்ட்டின் இடது சுண்டுவிரல் இன்றைக்கும் நேராக நீளாது. அடித்தது பாடத்துக்காகவும் அல்ல. குடிக்கப் பணமில்லாத நாளில் அடித்தான், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் கல் திறக்காது. தீபால்ட் மண்வெட்டியோடு காத்திருந்தான்.

"அடிச்சார்தான்," என்றாள். "ஒவ்வொரு தப்புக்கும் ஒரு அடி. சரியா வர்ற வரைக்கும் கதவைத் திறக்க மாட்டார். அவர் அழுததும் எனக்குத் தெரியும், அடிச்சிட்டு அழுவார். அந்தக் கண்டிப்பு இல்லைன்னா லாம்பர்ட் இன்னைக்கு லாம்பர்ட் இல்லைண்ணே. நம்ம ஊர்ல கல்யாணத்துக்குப் பிடில் வாசிச்சிட்டுக் கிடந்திருப்பான்."

செவெரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"அப்படியா," என்றான்.

"என்ன சொல்றா?" என்றார் யோஸ்ட்.

"கண்டிப்பு!" என்று செவெரின் அவர் காதில் சொன்னான். அவன் கத்தவில்லை, நிறுத்தி அழுத்தமாகச் சொன்னான்.

அன்று மத்தியானமே தீபால்ட் ஆக்னஸின் குழியை மூடினான். புல் கட்டிகளைத் திரும்ப வைத்துக் காலால் மிதித்தான். சிபில்லா பக்கத்தில் நின்று கடைசிக் கட்டி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ஒரு பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. பிணத்துக்குத் தலை சீவிவிட்டாள். "போய்ப் பெரியவங்களோட படு, போ," என்றாள் அவனிடம். "அவங்க உன்னை என்ன பண்றாங்கன்னு பாக்கலாம்."

மறுநாள் காலை கோயில் நிரம்பி வழிந்தது. உயிரோடு இருந்தபோது கெரியோன் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போனவர்கள் எல்லாரும் கறுப்பு உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி சொன்ன கதை ஒரே இரவில் ஊரைச் சுற்றி வந்திருந்தது. மலை உயரமாகியிருந்தது, பனி அதிகமாகியிருந்தது. பாடற்குழு லாம்பர்ட் எழுதிய ஒரு பாட்டைப் பாடியது. அதில் ஒரு வரிகூடக் கெரியோன் பாடியதில்லை, பாட முடிந்ததுமில்லை. சாமியார் பிரசங்கத்தில், அன்பு சில வீட்டில் கையில் பிரம்போடு வரும் என்றார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சிபில்லா குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியன்னாவில் இருக்கிறவன் இதைக் கேள்விப்பட்டால் காறித் துப்புவான். துப்பட்டும், அம்மா தனியாகப் படுத்திருக்கிறாள் என்று அவனுக்குச் சொல்லிக்கொள்ளலாம். நான்கு பேர் பெட்டியை நிலவறைக்குள் இறக்கினார்கள். கல்லை இழுத்து மூடிச் சுண்ணாம்பு பூசினார்கள். அவள் அழாததைப் பார்த்தவர்கள், பாவம், துக்கம் முற்றிப் போய்விட்டது என்றார்கள்.

அதன் பிறகு வீட்டில் விருந்து. அடக்கம் முடிந்து சாப்பிடுவதை அந்தப் பக்கத்தில் செத்தவன் தோலைக் குடிப்பது என்பார்கள். பெயருக்கேற்றபடி ஒயின் ஓட வேண்டும். சாமியார் தன் வீட்டு ஒயின் அறையிலிருந்து ஒரு பீப்பாய் அனுப்பியிருந்தார்.

"கெரியோன் தோலைக் குடிக்கிறதுன்னா சும்மாவா," என்றான் சத்திரக்காரன். "ஊறி ஊறிக் கிடந்த தோலாச்சே." எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஒரு பேச்சுதான் அன்று முழுவதும் சிபில்லா கேட்ட உண்மையான பேச்சு. பட்டாணிக் கூழும் உப்புக்கண்டமும் கறுப்பு ரொட்டியும் பரிமாறியபடி டிரீனா மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தாள். சிபில்லா பக்கம் அவள் வரவில்லை. காலையிலிருந்தே அவள் முகம் சரியில்லை.

செவெரின் கோப்பையோடு வந்து சிபில்லாவின் எதிரே உட்கார்ந்தான். கொஞ்சம் குடித்திருந்தான், ஆனால் நிதானமாகத்தான் இருந்தான்.

"உனக்கு நான் நன்றி சொல்லணும் சிபில்லா."

"எதுக்குண்ணே?"

"இத்தனை வருஷமா நான் உங்கப்பாவைத் தப்பா நினைச்சிட்டேன். அந்த அழுகை கேட்டப்பல்லாம், நமக்குப் பிள்ளை பிறந்தா இப்படி இருக்கக்கூடாதுன்னு நினைப்பேன். அதனால லிஸ்பெத்தை மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டிருக்கேன். தப்பு பண்ணா சிரிக்கிறேன். அவளும் சிரிக்கிறா. அவகிட்ட இருக்கிறது லாம்பர்ட்கிட்ட இருந்ததுக்குக் குறைஞ்சதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. நான்தான் கெடுத்துக்கிட்டிருக்கேன்." கோப்பையை நகர்த்தி வைத்தான். "நேத்து நீ சொன்னப்ப எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. அவ வீணாப் போனா அந்தப் பாவம் என் தலையிலதானே?"

சிபில்லா மேசை மேல் குனிந்தாள்.

"அண்ணே, அது எல்லாம் பொய்."

"எது?"

"எல்லாமே. மலை ஏறுனது எங்கம்மா. முனகுனது எங்கம்மா. அந்த ஆள் பாடத்துக்காக அடிக்கலை. குடி கிடைக்கலைன்னா அடிச்சான், கிடைச்சாலும் அடிச்சான். லாம்பர்ட் அவன்கிட்ட ஒரு சுரம்கூடக் கத்துக்கலை. அவன் அடிச்ச அடியைத் தாண்டித்தான் வந்தான். அம்மா குழியில அவனைப் போடக்கூடாதுன்னு நான் பொய் சொன்னேன்ண்ணே. கர்த்தர் மேல ஆணை."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. செவெரின் அவள் கையின் மேல் தன் கையை வைத்தான். அந்தப் பரிவைப் பார்த்ததும் அவளுக்குப் பயமாகிவிட்டது.

"உனக்கு அவர் மேல கோவம் இருக்கும்," என்றான். "அடி விழுந்த வீட்டுல பிறந்தவங்களுக்கு இருக்கத்தான் செய்யும். நேத்து அவரைப் பாத்ததும் மனசு இளகி உள்ளதைச் சொல்லிட்டே. இன்னைக்குத் திரும்பக் கோவம் வந்திருச்சு. நீ அழுதாத்தான் இது சரியாகும்."

"நான் சொல்றதைக் கேளுங்கண்ணே. அவன் விரலைப் பாத்திருக்கீங்கல்ல, சுண்டுவிரலை?"

"அந்த விரலாலதானே வியன்னாவையே ஆட்டி வைக்கிறான்," என்றான் செவெரின்.

பக்கத்து மேசைக்காரர்கள் ஆமோதித்தார்கள். யோஸ்ட் கிழவர் என்ன ஏதென்று தெரியாமலே கோப்பையைத் தூக்கி, "கெரியோனுக்கு!" என்றார். எல்லாரும் எழுந்து குடித்தார்கள். கோப்பைகள் கீழே வந்தபோது செவெரினின் நாற்காலி காலியாக இருந்தது.

சிபில்லா சாமியாரைத் தேடினாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். போகாமல் இருந்தாலும் என்ன, சுண்ணாம்பு காய்ந்துவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் நாலு சத்திரத்துக்கு மேல் எட்டாத அவன் பெருமையை அவளே ஊர் முழுக்கப் பரப்பிவிட்டாள். அவன் குடித்துக்கொண்டே நூறு வருடம் கத்தியிருந்தாலும் ஒருவனும் நம்பியிருக்க மாட்டான். அவள் ஒரு தடவை சொன்னாள், நம்பிவிட்டார்கள். தன் மேல் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

உப்புக்கண்டத் தட்டைக் கையில் எடுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பியானோ கேட்டது. ஏறுவரிசை. சின்னக் கை, சுத்தமான ஓசை. ஆறாவது சுரத்தில் தடுக்கியது. வழக்கமாக அந்த இடத்தில் சிரிப்பு வரும். இப்போது ஒன்றும் வரவில்லை. பிறகு சட்டென்று விரலில் அடி விழுகிற ஒரு சின்னச் சத்தம், அதற்குப் பின்னால் இன்னொன்று.

"கேளுங்கய்யா," என்றான் சத்திரக்காரன் பூரிப்போடு. "நம்ம ஊர்ல இன்னொன்னு தயாராகுது."

டிரீனா கரண்டியைக் கூழ்ப் பானைக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்து சிபில்லாவைப் பார்த்தாள். திட்டவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் போனார்கள்.

டிரீனா தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

"பகல்ல நாங்க தாழ் போட்டதே இல்லடி," என்றாள்.

சிபில்லா கையை மடக்கித் தட்டினாள். உள்ளே பியானோ நின்றது. யாரும் வரவில்லை. அவள் மறுபடி தட்டினாள், இந்தத் தடவை இரண்டு கையாலும்.

ஏறுவரிசை முதலிலிருந்து தொடங்கியது.